.44 மேக்னம் ரிவால்வர்: 4, 5.5, 6, 7.5 அங்குலம் – எந்த பேரல் எடுக்கலாம்?

வெண்வால் (கேள்வி)

வணக்கம். ஓஹாயோ மாநிலம், கிரீன் கார்டு. .44 மேக்னத்தில் ஒரே ஒரு ரிவால்வர் வாங்குவதாக இருக்கிறேன். அதற்கு இரண்டு வேலை. முதலாவது, துப்பாக்கி சீசனில் வெண்வால் மான் வேட்டை. மரத்தில் கட்டிய ஸ்டாண்டில் உட்கார்ந்து சுடுவது, தூரம் 50 கஜத்துக்குள். இரண்டாவது, அடுத்த கோடையில் அலாஸ்காவில் கரடி நடமாடும் பகுதியில் மலைநடை, அங்கே தற்காப்புக்கு.

கையில் எடுத்துப் பார்த்தவை: ஸ்மித் அண்ட் வெஸன் 629 (4, 6 அங்குலம்), ரூகர் ரெட்ஹாக் (5.5), ரூகர் சூப்பர் ரெட்ஹாக் (7.5). கடையில் "நீளம் கூடினால் வேகம் கூடும், 7.5 எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். வேகத்தில் நிஜமாகவே அவ்வளவு வித்தியாசம் வருமா? 4 அங்குலத்தில் உதை அதிகமா? இரண்டு வேலைக்கும் ஒரே துப்பாக்கி போதுமா? வீட்டில் தோட்டா தயாரிக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. பெட்டித் தோட்டாதான்.

---

கேலிப்பர்

முதலில் சட்டம், ஏனென்றால் உங்கள் பட்டியலில் ஒன்று அங்கேயே அடிபட்டுப் போகிறது. ஓஹாயோவில் மான் வேட்டைக்குக் கைத்துப்பாக்கி என்றால் பேரல் குறைந்தது 5 அங்குலம் இருக்க வேண்டும், தோட்டா .357 அங்குல விட்டமோ அதற்கு மேற்பட்டதோ, நேர்சுவர் கேஸ் (பித்தளைக் கூடு) உள்ளதாக இருக்க வேண்டும். ரிவால்வரில் அந்த 5 அங்குலத்தை சிலிண்டரின் (தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளை) முன்முகத்திலிருந்து பேரலின் வாய் வரைக்கும் அளப்பார்கள். ஆகவே 4 அங்குல 629 மானுக்கு ஆகாது. பக்கத்து மாநிலத்துக்கு வேட்டைக்குப் போனால் அங்கே விதி வேறு. இண்டியானாவில் 4 அங்குலம் போதும். ஒவ்வொரு ஆண்டும் லைசென்ஸ் எடுக்கும்போது அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் எச்-1பி, எஃப்-1 விசாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் உங்களுக்கும் சட்டம் ஒன்றல்ல. குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதுதான் கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. அந்த விலக்குக்குள் வருகிறீர்களா என்று உறுதி செய்யாமல் கடைக்குள் போகாதீர்கள்.

இனி வேகம். 240 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டுள்ள முழு பலத் தோட்டாவுக்கு 4 அங்குலத்தில் நொடிக்குச் சுமார் 1,200 அடி, 6 அங்குலத்தில் 1,300 சொச்சம், 7.5 அங்குலத்தில் 1,400ஐ ஒட்டி என்று வைத்துக்கொள்ளலாம். அங்குலத்துக்கு 50 அடி போலக் கூடுகிறது. நீளம் கூடக் கூட அந்த ஆதாயமும் குறைந்துகொண்டே போகும். ஒரே மாடலில், ஒரே நீளத்தில் இரண்டு துப்பாக்கியை எடுத்து அதே பெட்டித் தோட்டாவைச் சுட்டாலும் 50 அடி வித்தியாசம் வரலாம். சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடையே உள்ள இடைவெளி, சிலிண்டர் வாயின் விட்டம், பேரலின் உட்பரப்பு எல்லாம் அதில் சேரும். ஆகவே 5.5க்கும் 6க்கும் நடுவே வேகத்தை வைத்து முடிவெடுப்பதில் அர்த்தமே இல்லை.

அந்த வேகம் மானில் என்ன செய்யும்? வாயில் 1,200 அடி என்றால் சுமார் 770 அடி-பவுண்டு ஆற்றல், 1,300க்கு 900, 1,400க்கு 1,045. 50 கஜத்தில், நெஞ்சுக்கூட்டின் குறுக்கே, நல்ல குண்டு என்றால் மூன்றுமே முழுதாகத் துளைத்து மறுபக்கம் போகும். 50 கஜத்துக்கு ஜீரோ வைத்துவிட்டு (குறி பார்க்கும் இடத்திலேயே குண்டு படும்படி திருத்திவிட்டு) 100 கஜத்தில் சுட்டால் 1,300 அடி குண்டு 5 அங்குலம் அளவு தாழும்; 1,200 அடி குண்டு அதைவிட ஓர் அங்குலம் போலக் கூடுதலாகத் தாழும். உங்கள் தூரத்துக்கு அது கணக்கிலேயே இல்லை. வேகத்தை நம்பி 7.5 வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. 7.5க்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. அவற்றைப் பார்வைக் கருவி தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் பார்க்கும்போது அது எத்தனை அங்குல பேரலில் எடுத்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கம்பெனி 4 அங்குலத்திலும் இன்னொன்று 8 அங்குலத்துக்கு மேலும் எடுத்திருந்தால் அந்த இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியாது. .500 போன்ற பெரிய ரிவால்வர்களில் இன்னொரு சங்கதி: முனையில் காம்பன்சேட்டர் (உதையைக் குறைக்கும் துண்டு) இருந்தால் அதையும் சேர்த்தே நீளம் சொல்லும் மாடல்கள் உண்டு. ரைஃபிளிங் (குண்டைச் சுழற்றும் உள்வரிகள்) உள்ள பகுதி அதைவிடக் குட்டை.

---

ஈயக்குண்டு

உதையைப் பற்றிக் கேட்டிருக்கீங்க. நீளத்தைப் பார்க்காதீங்க, எடையைப் பாருங்க. கணக்கே போட்டுடலாம்.

4 அங்குல 629 ஏறக்குறைய 41.5 அவுன்ஸ். 240 கிரெயின் குண்டு, 23 கிரெயின் வெடிமருந்து, வேகம் 1,200. துப்பாக்கி பின்னால வர்ற உதை ஆற்றல் 17.5 அடி-பவுண்டு பக்கம் வரும். 7.5 அங்குல சூப்பர் ரெட்ஹாக் 53 அவுன்ஸ். அதுல குண்டு 1,400ல போகுது, ஆனாலும் உதை அதே 17.5தான். கூடின வேகத்தைக் கூடின எடை சரிக்கட்டிடுது. இதே தோட்டாவை ஸ்மித் அண்ட் வெஸன் 329PD மாடல்ல போட்டா (4 அங்குலம், ஸ்கேண்டியம் ஃபிரேம், 25 அவுன்ஸ்) உதை 29 அடி-பவுண்டு. பேரல் நீளம் 629ஓட ஒன்னுதான், உதை ஒன்றரை மடங்குக்கு மேல.

ஆனா கைக்குத் தெரியுறது இந்த எண் மட்டும் இல்லை. நீள பேரல்ல எடை முன்னால தொங்குறதால வாய் மேல எழும்புறது மெதுவா இருக்கும்; உள்ளங்கையில தள்ளு மாதிரி உணர்வீங்க. 4 அங்குலத்துல அதே ஆற்றல் மணிக்கட்டை வெடுக்குன்னு மேல திருப்பும். ரெண்டாவது ரவுண்டுக்கு சைட்டை (குறி பார்க்கிற முள்ளை) மறுபடி இறக்க அதிக நேரம் எடுக்கும். முன்பக்க எடைக்கு ஒரு விலையும் இருக்கு: நின்ன நிலையில கை நீட்டிப் பிடிச்சா 7.5 சீக்கிரமே ஆட ஆரம்பிக்கும். சாய்மானம் இருக்கிற இடத்துல அது ராஜா, இல்லாத இடத்துல பாரம்.

லேசான துப்பாக்கியில இன்னொரு கோளாறு வரும், அதை அலட்சியம் பண்ணாதீங்க. உதையில துப்பாக்கி பின்னால பாயும்போது சிலிண்டர்ல மிச்சம் இருக்கிற தோட்டாக்களோட கேஸும் கூடவே பின்னால போகும். உள்ள இருக்கிற குண்டு இருந்த இடத்துலயே நிக்கப் பார்க்கும். கேஸ் வாயோட மடிப்பு தளர்வா இருந்தா குண்டு கொஞ்சம் கொஞ்சமா முன்னால நகர்ந்து சிலிண்டர் முகத்தைத் தாண்டி எட்டிப் பார்க்கும். அடுத்த சுற்றுல அது பேரலோட பின்முனையில முட்டி சிலிண்டர் சுத்தாம நின்னுடும். கரடி முன்னால அது நடக்கக் கூடாது. பரிசோதனை சுலபம்: ஆறு தோட்டா போட்டு அஞ்சு சுடுங்க, ஆறாவதை வெளிய எடுத்து சுடாத புதுத் தோட்டாவோட நீளத்தைக் கேலிப்பர்ல ஒப்பிடுங்க. நீளம் கூடியிருந்தா அந்தப் பிராண்டை அந்தத் துப்பாக்கிக்கு வாங்காதீங்க. 45 அவுன்ஸும் அதுக்கு மேலயும் இருக்கிற ரெட்ஹாக், 6 அங்குல 629 மாதிரி துப்பாக்கியில இந்தத் தொல்லை குறைவு, ஆனா பார்த்துட்டு நம்புங்க.

மருந்து விஷயம் ஒன்னு. எச்110, 296 மாதிரி மெதுவா எரியற மருந்துதான் .44 மேக்னத்துக்கு முழு வேகம் தருது. குட்டை பேரல்ல அதோட ஒரு பங்கு வெளிய வந்து எரியும். வாயில பெரிய தீப்பிழம்பு, காதுக்கு இன்னும் கொடுமை. அதனால 4 அங்குலத்துக்கு வேகமா எரியற மருந்து போட்டா வேகம் கூடும்னு சிலர் சொல்றாங்க. அது தப்பு. குட்டை பேரல்லயும் அதிக வேகம் தர்றது பெரும்பாலும் அதே மெதுவான மருந்துதான். வேக மருந்து சத்தத்தையும் பிழம்பையும் குறைக்கும், அவ்வளவுதான்.

பழகறதுக்கு .44 ஸ்பெஷல் வாங்குங்க. 246 கிரெயின், 750 அடி, கை வலிக்காது. ஆனா அதோட கேஸ் 1.16 அங்குலம், மேக்னம் கேஸ் 1.285. அந்த எட்டுல ஒரு பங்கு அங்குலத்துல சிலிண்டர் அறைக்குள்ள கரி வளையம் படியும். அப்படியே மேக்னம் போட்டா தோட்டா முழுசா இறங்காது, இல்லைன்னா சுட்ட கேஸ் வெளிய வராம ஒட்டிக்கும். ஸ்பெஷல் சுட்ட அன்னைக்கே கரைப்பான் தடவி வெண்கல பிரஷ்ஷால ஆறு அறையையும் தேய்ச்சிடுங்க.

---

மேற்குச் சரிவு

அலாஸ்கா பக்கத்தை மட்டும் சொல்கிறேன். அங்கே பேரல் நீளத்தைத் தீர்மானிப்பது துப்பாக்கி உறைதான் (ஹோல்ஸ்டர்).

முதுகுப்பை போட்டால் இடுப்புப் பட்டை இடுப்பில் ரிவால்வர் இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மழைக்கோட்டு மேலே வந்தால் கை எட்டாது. அதனால் அங்கே பெரும்பாலோர் நெஞ்சு உறை பயன்படுத்துகிறார்கள்: மார்பின் குறுக்கே சாய்வாக, பிடி வலக்கைக்கு நேராக. அந்த உறையில் 4 அங்குலமும் 5.5 அங்குலமும் ஒரே மாதிரிதான் உருவ வரும். 6 சமாளிக்கலாம். 7.5 என்றால் உருவும்போது முழங்கை தோளுக்கு மேலே போக வேண்டியிருக்கும், குனிந்தால் வாய் இடுப்பு எலும்பில் குத்தும். இடுப்பு உறைதான் வேண்டும் என்றால் கணக்கு மாறும். கார், படகு, சிறு விமானத்து இருக்கையில் 4 அங்குலம் உறுத்தாமல் உட்காரும். 6 அங்குலத்தின் முனை இருக்கையில் இடித்து மொத்தத்தையும் மேலே தள்ளும்.

2.5 அங்குல ரூகர் அலாஸ்கனைப் பலர் கேட்பார்கள், பெயரே அப்படி. அதன் எடை 44 அவுன்ஸுக்கு மேல், 5.5 ரெட்ஹாக் 49. சுமையில் பெரிதாக மிச்சமில்லை. வேகமும் சைட் நீளமும் (முன், பின் சைட்டுகளுக்கு இடையே உள்ள தூரம்) போகின்றன, தீப்பிழம்பு முகத்துக்குக் கிட்ட வருகிறது. நெஞ்சு உறை இருக்கும்போது அந்தக் குட்டைத்தனத்தால் கிடைப்பது சொற்பம்.

கரடிக்கு மான் குண்டு வேண்டாம். விரிந்து நின்றுவிடும் ஹாலோ பாயின்ட்டுக்குப் பதிலாக 300 கிரெயின் வாக்கில் உள்ள கடின வார்ப்பு ஈயக் குண்டு, தட்டை மூக்கு. எலும்பைத் தாண்டி ஆழம் போக அதுதான் ஆகும். ஒரு விளைவை மறக்காதீர்கள்: கனமான குண்டு மெதுவாகப் போகும், பேரலுக்குள் அதிக நேரம் இருக்கும், அதற்குள் உதையில் வாய் மேலே எழுந்துவிடும். ஆகவே மானுக்கு வைத்த ஜீரோவில் கனக் குண்டு மேலே படும். ஊருக்குப் போகும் முன் அந்தத் தோட்டாவிலேயே 15, 25 கஜத்தில் சைட்டைத் திருத்திக்கொள்ளுங்கள். துப்பாக்கிக்கு முன் கரடி ஸ்பிரே கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஓடி வரும் கரடியின் மேல் 4 அங்குலத்தாலோ 7.5 அங்குலத்தாலோ குறி வைப்பதைவிட அந்த மேகத்தை விரிப்பது எளிது.

விமானத்தில் போனால் தோட்டா இல்லாத ரிவால்வர், பூட்டிய கெட்டிப் பெட்டி, செக்-இன் சாமான், கவுன்டரில் அறிவிப்பு. தோட்டா அதன் அட்டைப் பெட்டியில். காரில் கனடா வழியாகப் போகும் திட்டம் இருந்தால் ரிவால்வரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அங்கே 105 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைந்த பேரல் உள்ள கைத்துப்பாக்கி தடைப் பட்டியலில் வரும்; 4 அங்குலம் என்பது 101.6 மி.மீ. டொராண்டோ நண்பர்கள் பார்த்திருப்பார்கள், ரூகர் 4.2 அங்குலம் என்று விற்பது 106.7 மி.மீ., அந்தக் கோட்டை மயிரிழையில் தாண்டுகிறது. ஆனால் 2022 அக்டோபர் 21 முதல் கனடாவில் கைத்துப்பாக்கி விற்பனையும் கைமாற்றமும் உறைய வைக்கப்பட்டுவிட்டதால் இப்போது அந்த நீளத்துக்கும் புதிதாக வழியில்லை.

---

கறுப்புப் புள்ளி

பேரல் நீளத்தால் நிஜமாகக் கிடைப்பது சைட் நீளம், அதாவது முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே உள்ள தூரம். முன் சைட் கால் மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சைட் நீளம் 6 அங்குலமாக இருந்தால் 50 கஜத்தில் குண்டு 3 அங்குலம் விலகும். 9 அங்குலமாக இருந்தால் 2 அங்குலம். பேரல் எதுவானாலும் இயந்திரத் துல்லியம் ஏறக்குறைய ஒன்றுதான். தாங்கியில் பூட்டிச் சுட்டால் 4 அங்குலத்திலும் 7.5 அங்குலத்திலும் குண்டுகள் ஒரே மாதிரி நெருக்கமாகப் படும். மாறுவது உங்கள் கண்ணின் பிழை. 45 வயதைத் தாண்டியவருக்கு முன் சைட் கண்ணிலிருந்து இன்னும் 3 அங்குலம் தள்ளியிருப்பது கூடுதல் லாபம், தெளிவாகத் தெரியும்.

ஆனால் ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் பார்வைக் கருவி) மாட்டினால் இந்தக் கணக்கு முழுவதும் காலி. ஒரே புள்ளி, ஒரே கண்ணாடி. சைட் நீளம் என்ற பேச்சே கிடையாது. அந்திவேளையில் மானுக்குக் காத்திருக்கும்போது கறுப்பு முன் சைட் பழுப்புத் தோலில் மறைந்துபோகும், சிவப்புப் புள்ளி மறையாது. ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: எந்தத் துப்பாக்கியில் ரெட் டாட் ஒழுங்காக உட்காரும்? சூப்பர் ரெட்ஹாக்கின் ஃபிரேமிலேயே பார்வைக் கருவியைப் பிடிக்கும் ரிங் உட்கார வெட்டு உண்டு, ரிங்கும் பெட்டியில் வரும். இருப்பதில் உறுதியான ஏற்பாடு அதுதான். 629 என்றால் 629-4 வரிசையிலிருந்து பின் சைட்டின் அடியில் துளையும் மரையும் போட்டு வந்தது, மவுன்ட் நேராகப் பூட்டலாம். 5.5 ரெட்ஹாக்கில் ஃபிரேமில் அந்த வசதி இல்லை. பின் சைட்டின் இடத்தில் பூட்டும் வெளிச்சந்தை மவுன்ட் தேட வேண்டும். மவுன்ட் ஸ்க்ரூவில் எண்ணெய் துடைத்து நீல திரெட்லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. முதல் 20 ரவுண்டுக்குப் பிறகு மறுபடி இறுக்கிப் பார்க்காவிட்டால் ஜீரோ நகர்வதன் காரணம் தெரியாமல் தோட்டாவைக் கரைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஜீரோ வைக்கும்போது பேரலை மணல்மூட்டை மேல் வைக்காதீர்கள். கெட்டியான தாங்கலில் பேரல் துள்ளும், படும் இடம் மேலே போகும். மணிக்கட்டும் டிரிகர் கார்டின் முன்புறமும் தாங்கலில் இருக்கட்டும். இன்னொன்று, சிலிண்டர் இடைவெளியிலிருந்து பக்கவாட்டில் பீறிடும் வாயு. துணிப் பையை அந்த இடத்தில் வைத்தால் முதல் சுடுதலிலேயே கத்தியால் கீறியது போல் வெட்டு விழுந்து ஓரம் கருகும். தடித்த தோல் துண்டு போடுங்கள். ரைஃபிள் பழக்கத்தில் இடக்கையை நீள பேரலின் அடியில் பிடிக்கப் போகாதீர்கள். துணிக்கு ஆனது விரலுக்கும் ஆகும். ரேஞ்சில் காதுக்கு உள்ளே பஞ்சடைப்பானும் மேலே மஃப்பும் இரண்டுமே வேண்டும்.

---

வெண்வால்

மிக்க நன்றி. 4ம் 7.5ம் விலகிவிட்டன. 5.5 ரெட்ஹாக் புதிது ஒன்றும், 6 அங்குல 629 பழையது ஒன்றும் அருகருகே கடையில் இருக்கின்றன. ரெட் டாட் போடுவதாகவே முடிவு. பழையதில் எதைப் பார்க்க வேண்டும்?

---

கேலிப்பர்

ரெட் டாட் என்றால் 629 பக்கம் சாய்கிறது, துப்பாக்கி நல்ல நிலையில் இருந்தால்.

கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சிலிண்டரை வெளியே தள்ளினால் யோக் (சிலிண்டரைத் தாங்கும் கை) இருந்த குடைவில் மாடல் எண் அடித்திருக்கும். 629-4 அல்லது அதற்குப் பிந்தைய எண் வேண்டும். 629-3க்கு முந்தையவற்றில் கனமான தோட்டாவின் உதையில் சிலிண்டர் பூட்டு விட்டுப் பின்னால் சுழலும் குறை இருந்தது. பிறகு பூட்டுக்குழியை நீட்டித்துச் சரி செய்தார்கள்.

சிலிண்டரை மூடி, ஃபீலர் கேஜை (மெல்லிய அளவுத் தகடு) பேரலுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள இடைவெளியில் விடுங்கள். .004 முதல் .008 அங்குலம் வரை சரி. .010 நுழைந்தால் வேண்டாம். வேகமும் போகும், தீயும் பீறிடும். இந்த அளவைச் சிலிண்டரைப் பின்னால் தள்ளிப் பிடித்து ஒரு முறையும், முன்னால் தள்ளி ஒரு முறையும் எடுங்கள். இரண்டுக்கும் .003க்கு மேல் வித்தியாசம் வந்தால் சிலிண்டர் முன்பின் ஆட்டம் தேய்ந்திருக்கிறது.

துப்பாக்கியின் சுத்தியலை (ஹேமர்) மெதுவாக இழுத்து, கட்டைவிரலால் பிடித்தபடியே சிலிண்டரை லேசாக உரசி நிறுத்துங்கள். சுத்தியல் முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்குள் ஆறு அறையும் ஒவ்வொன்றாகப் பூட்ட வேண்டும். ஒன்று பிந்தினாலும் அந்த அறையில் குண்டு பேரலின் ஓரத்தில் உரசி ஈயத்தைச் சிதறும். பேரலின் பின்முனையில் டார்ச் அடித்து விளிம்பைப் பாருங்கள்: கரி இருக்கலாம், விரிசல் இருக்கக் கூடாது. மேல் ஃபிரேமின் அடியில் மெல்லிய தீக்கீறல் ஒன்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், கொஞ்சம் ஆழம் போய்த் தானே நின்றுவிடும்.

சுட்ட கேஸ்களை வெளியே தள்ளும் உந்துகம்பியை விரலால் திருகிப் பாருங்கள். தளர்ந்தால் சிலிண்டரைத் திறக்கவே முடியாமல் பிடித்துக்கொள்ளும். ஸ்மித் அண்ட் வெஸனில் அது இடக்கை மரை. வழக்கமான பக்கம் இறுக்கினால் கழன்றுதான் வரும். இறுக்கும்போது சிலிண்டரில் இரண்டு வெற்றுக் கேஸ் போட்டுக்கொண்டு இறுக்குங்கள், இல்லையென்றால் கேஸ்களை வெளியே தூக்கும் நட்சத்திரத் தகட்டின் ஊசிகள் வளையும்.

---

ஈயக்குண்டு

அதோட பிடியையும் பாருங்க. 629ல பழைய மர கிரிப் இருந்தா டிரிகர் கார்டுக்குப் பின்னால இடம் காலியா இருக்கும், ஒவ்வொரு உதைக்கும் நடுவிரல் முட்டி அங்க அடிபடும். அந்த இடத்தை நிரப்புற ரப்பர் கிரிப் வாங்கி மாட்டிட்டு அப்புறம் முதல் மேக்னத்தைச் சுடுங்க. நெஞ்சு உறையை ரெட் டாட் மாட்டின பிறகே ஆர்டர் பண்ணுங்க. டாட்டுக்கு இடம் விட்டு வெட்டின உறை வேற அச்சு.